பெல்ட் மெருகுக் குழுவின் அவசரக் கூட்டம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, மனித குலம் அதுவரை கண்டவற்றில் மிகப் பளபளப்பான ரப்பர் பெல்ட் மேடுபள்ள மீட்புத் துறையின் கொட்டகையில் இருந்தது. அதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். இயக்குநர் ஒருமுறை செய்தும் இருக்கிறார்.

துறைக்கு ஒரே ஒரு ‘பக்கி’ வண்டி உண்டு. தடித்த நான்கு சக்கரம், கூண்டு மாதிரிக் கம்பிகள், கதவு கிடையாது. மணல்மேட்டில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கி வருவதற்கென்று வாங்கியது. அதில் கியரும் கிடையாது. எஞ்சின் பக்கம் ஒரு புல்லி, சக்கரத்தின் பக்கம் ஒரு புல்லி, இரண்டையும் சேர்க்க ஒரு பெல்ட். புல்லிகள் பெல்ட்டைக் கவ்விப் பிடித்தால் வண்டி நகரும். பெல்ட் வழுக்கினால் எஞ்சின் மட்டும் கத்தும்.

இதை அறிந்தவர் அந்த வளாகத்தில் ஒருவர்தான்: மெக்கானிக். ஆகவே பராமரிப்பு விஷயத்தில் அவளுக்கு வாக்கு இல்லை. தொழில் தெரிந்தவர்கள் ஒருதலைப்பட்சமாகப் பேசுவார்கள் என்று துறை கருதியது. தொலைநோக்குள்ள கருத்து.

வாக்கு இருந்த மூவரும் சேர்ந்து ‘பெல்ட் மெருகுக் குழு’. தலைவர், இயக்குநர். அவர் மெக்கானிக்கின் கணவருக்குத் தம்பி. வீட்டில் அவளை அண்ணி என்பார், கொட்டகையில் மெக்கானிக் என்பார், பயம் வந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்வார். உறுப்பினர், மெருகு நிபுணர். மேசை நாற்காலிகளுக்கு மெருகு போட்டுப் பேர் வாங்கியவர். செயலாளர், குமாஸ்தா. குழு கூடினால் குறிப்பு எழுதுவார். கூடாவிட்டாலும் எழுதுவார்.

வாகனத்தின் எல்லாப் பாகங்களும் பளபளக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை சொன்னது. ‘எல்லா’ என்றால் எல்லாம்தான். திங்கட்கிழமைதோறும் நிபுணர் பெல்ட்டைக் கழற்றி மேசை மெருகைப் பூசி, மெல்லிய துணியால் குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்தார். பெல்ட் வழுக்கியது, சூடேறியது, அறுந்தது. குழு தீர விசாரித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தது: ஒரு பூச்சு போதவில்லை. அடுத்த பெல்ட்டுக்கு இரண்டு. அதற்கடுத்ததற்கு மூன்று.

‘பெல்ட்டில் எண்ணெயோ மெருகோ படக் கூடாது’ என்று மெக்கானிக் ஓர் அட்டை எழுதி மாட்டினாள். நிபுணர் படித்தார், மதித்தார், அட்டைக்கும் மெருகு போட்டார்.

பெல்ட் மூடியில் சூடு வெளியேற ஒரு காற்றுவழி இருந்தது. அதன்மேல்தான் ‘சிறந்த பராமரிப்பு’ச் சான்றிதழை ஒட்டியிருந்தார்கள். வண்டியில் வேறு சமதளம் இல்லை.

பத்து ஏழுக்கு, உச்சியில் மாட்டியவர்கள் உதவி கேட்பதற்கான ஒயர்லெஸ் கரகரத்தது. குமாஸ்தா எடுத்தார்.

“மணல்மேட்டு உச்சியில ஒரு ஆளு. கால் பிசகிருச்சாம். எந்திரிக்க முடியலையாம், சார்.”

“பேரு?” என்றார் இயக்குநர்.

“பேரு மூணாம் படிவத்துல வரும். நாம இப்பதான் ஒண்ணுல இருக்கோம்.”

மெக்கானிக் அதற்குள் மூடியைக் கழற்றிவிட்டாள். பெல்ட்டின் மேல் விரலை வைத்தாள். விரல் சறுக்கிக்கொண்டு போயிற்று.

“சார், இது ஏறாது. பாதி மேட்டுல எரிஞ்சு போயிரும். சோப்புத் தண்ணியில கழுவிக் காயவெச்சு, புல்லியை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாத்தான் பிடிக்கும். நாப்பது நிமிஷம் குடுங்க.”

“தேய்க்கறதா?” நிபுணர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “நாலு பூச்சும்மா அது! நாலு!”

“மெருகை எடுக்கறதுன்னா கொள்கை முடிவு” என்றார் இயக்குநர். “குழு கூடணும்.”

“மூணு பேரும் இங்கதானே சார் நிக்கறீங்க?”

“நிக்கறோம். கூடலை. உக்காந்தாத்தான் கூட்டம்.”

நாற்காலிகள் வந்தன. அவை பளபளத்தன. குமாஸ்தா உட்கார்ந்த வேகத்தில் சறுக்கி மேசைக்கு அடியில் போனார். அங்கிருந்தே சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசித்தார். அது ஒருமனதாக ஏற்கப்பட்டது.

“பக்கி ஏறாதுங்கறது மெக்கானிக்கோட கருத்து” என்றார் நிபுணர். “அப்படின்னா அந்த ஆளை இறங்கச் சொல்லலாமே?”

“ஆழமான யோசனை” என்றார் இயக்குநர். “பிசகினது ஒரு கால்தானே?”

“இன்னொண்ணு நல்லா இருக்குன்னு அவர் சொல்லலை சார்” என்றார் குமாஸ்தா.

“கேளும்.”

குமாஸ்தா ஒயர்லெஸ்ஸை எடுத்தார். “துறை சார்பில் விசாரிக்கிறோம். தங்களுடைய மற்றொரு கால் எவ்வாறு உள்ளது?”

கரகரப்பு. பிறகு ஒரு குரல் அவசரமே இல்லாமல் வந்தது.

“அது நல்லா இருக்கு. உன்னை உதைக்கறதுக்குன்னு வெச்சிருக்கேன்.”

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானர் விழுந்தது. வலி வந்தால் இப்படி நிதானமாகப் பேசுகிற மனிதர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். பதினெட்டு வருஷமாக அதே குரலில்தான் காலையில் சட்டை எங்கே என்று கேட்கிறார். ஒயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள்.

“என்னங்க? நீங்களா?”

“நான்தான்.”

“இன்னிக்கு ஆபீஸ்லயே இருப்பேன்னுதானே சொல்லிட்டுப் போனீங்க?”

“சர்வேயருக்கு மேடும் ஆபீஸ்தாம்மா. எல்லைக்கல்லு சாஞ்சிருக்குன்னாங்க, பார்க்க வந்தேன். இப்ப நானும் சாஞ்சிருக்கேன். தண்ணி தீந்துபோச்சு. வெயில் வேற ஏறுது. ஆமா, இன்னொரு கால் எப்படி இருக்குன்னு கேட்டது எந்த முட்டாப்பய?”

மெக்கானிக் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

“உங்க தம்பி கேக்கச் சொன்னாரு.”

கொட்டகையில் மெருகு காய்கிற சத்தம் கேட்டது.

இயக்குநர் எழுந்தார். அவர் முகம் பெல்ட்டைவிட வேகமாக மெருகு இழந்தது.

“மெக்கானிக் அண்ணி! என்ன வேடிக்கை பார்த்துட்டு நிக்கறீங்க? தேய்ங்க!”

“கொள்கை முடிவு, சார்?” என்றார் குமாஸ்தா.

“எடுத்தாச்சு.”

“எப்போ?”

“நேத்து!”

குமாஸ்தா ‘நேற்று’ என்று எழுதினார். கோரிக்கையிலிருந்து முடிவு வரை பதினொரு வினாடி. நிர்வாகத்தின் வேகம் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த முப்பத்தைந்து நிமிடம் துறை தன் முழு வலிமையோடும் இயங்கியது. இயக்குநர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வாளியில் பெல்ட்டைப் போட்டுச் சோப்பு நுரையில் முழங்கை வரை முங்கினார். நிபுணர் கண்ணீரோடு கோப்பால் விசிறி அதைக் காயவைத்தார். மெக்கானிக் புல்லிகளின் முகத்தை உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தாள். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். துணி பழுப்பானது. இன்னொன்று எடுத்தாள். ஐந்தாவது துணி வெள்ளையாகவே வந்தது.

எஞ்சின் பக்கத்துப் புல்லியைத் திறந்து உள்ளே இருந்த கனமான உருளைகளை எடுத்துவிட்டு லேசானவற்றைப் போட்டாள்.

“எதுக்கு அண்ணி அது?”

“கனமா இருந்தா வண்டி அவசரப்பட்டு வேகத்துக்கு மாறிரும், மேட்டுல மூச்சு வாங்கும். லேசா இருந்தா எஞ்சின் நல்லாச் சுத்துற வரைக்கும் பொறுமையா இருக்கும். ஏறும்.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“பதினாலு கடுதாசி எழுதியிருக்கேன், தம்பி.”

“எல்லாம் பத்திரமா இருக்கு சார்” என்றார் குமாஸ்தா பெருமையோடு. “பிரிக்கவே இல்லை.”

பெல்ட் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று காட்டும் அம்புக்குறியைக் காணவில்லை.

“இங்க ஒரு அம்பு இருந்துச்சே?”

“அது அழுக்கு இல்லையாம்மா?” என்றார் நிபுணர். “ரெண்டு நாள் ஆச்சு அதை எடுக்க.”

நல்லவேளையாக, பெல்ட் புதிதாக வந்த அன்றே அவள் அதன் முதுகில் திசை காட்ட பிளேடால் ஒரு கீறல் போட்டிருந்தாள். அதைப் பார்த்து மாட்டினாள். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினாள். பெல்ட் விரல் தடிமன் அளவுக்குத்தான் இறங்கியது; சரியான இறுக்கம். காற்றுவழியை மறைத்த சான்றிதழைப் பார்த்தாள். அவள் கை போவதற்குள் இயக்குநரே அதைக் கிழித்தார்.

இயக்குநர் பக்கத்து இருக்கையில் தொற்றிக்கொண்டார். அவள் வளாகத்துக்குள் மெதுவாக ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்று வந்தாள்.

“அண்ணி, மேடு அந்தப் பக்கம்!”

“பெல்ட்டும் புல்லியும் ஒண்ணோட ஒண்ணு பழகட்டும். எடுத்ததும் மிதிச்சாக் கருகிரும்.”

“அண்ணன் அங்க கருகிட்டு இருக்காரு!”

மூன்றாவது சுற்றில் வாசலைத் தாண்டினாள். குமாஸ்தா குறிப்பேட்டோடு பின்னால் ஓடி வந்து, மணல் ஆரம்பித்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தார்.

மேடு செங்குத்தாக எழுந்தது. எஞ்சின் குரல் ஒரே சீராக இருந்தது, அலறவில்லை, முனகவில்லை. பாதி வழியில் அவள் ஒரு கையால் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுத்தினாள். பக்கி மணலை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு துள்ளியது. இயக்குநர் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஏறுது! ஏறுது! அண்ணி, நெசமாவே ஏறுது!” என்று கூவினார். வாயில் மணல் போனது. துப்பிவிட்டு மறுபடி கூவினார்.

உச்சியில் கணவர் எல்லைக்கல்லில் முதுகைச் சாய்த்து, ஒரு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அவள் தண்ணீரை நீட்டினாள். பாதியைக் குடித்தார், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

“நீயா ஓட்டிட்டு வந்தே?”

“பின்னே குழுவா ஓட்டும்?”

இருவரும் சிரித்தார்கள். அவள் துணியால் காலை இறுக்கிக் கட்டினாள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்த ஒயர்லெஸ்ஸை எடுத்தார்.

“குமாஸ்தா, எழுதும். துறையோட வண்டி உச்சியைத் தொட்டாச்சு. மெருகுக் குழுவின் உடனடி நடவடிக்கையால், ஒரு உயிர்கூட...”

“கொஞ்சம் இரு” என்றார் கணவர். “கல்லுக்கு இந்தப் பக்கம் வா.”

இயக்குநர் வந்தார். மெக்கானிக்கும் குனிந்து பார்த்தாள். கல்லின் நிழல் விழும் பக்கத்தில் ஆணியாலோ சாவியாலோ யார் யாரோ கீறி வைத்திருந்தார்கள். ஒரே கையெழுத்து இல்லை. தேதிகள் வேறு வேறு. ‘வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள்.’ ‘காலையிலிருந்து இருக்கிறேன்.’ ‘கூட்டம் நடக்கிறதாம்.’ எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோணல் கையெழுத்து: ‘வரவில்லை. தவழ்ந்தே இறங்குகிறேன்.’

ஒயர்லெஸ்ஸில் குமாஸ்தா, “ஒரு உயிர்கூட... அப்புறம் சார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கணவர் அந்தக் கடைசி வரியைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு எப்போதும்போல நிதானமாகக் கேட்டார்:

“ஏன்டா, இவங்களுக்கெல்லாம் உங்க ஆபீஸ்ல தம்பி யாரும் இல்லையா?”