வராத பாம்பு

கனவுக்கும் நனவுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. தூக்கத்தில் நடக்கிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பாவம், வியாதிக்காரர்கள். இவர்கள் நன்றாக விழித்துக்கொண்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இப்ப நாம பேசுததே கனவா இருந்தா?" என்று கேட்கிறவர்கள். கலைஞர்கள்.

சங்கரன்கோயிலுக்கு வாய்த்தவர் சங்கரசுப்பு. நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா வரைகிறவர். உலகம் நிஜமில்லை என்ற சந்தேகம் வந்தால்தான் அவருக்குத் தூரிகை ஓடும். சந்தேகம் வருவதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்: வயிறு நிறைய மத்தியானச் சாப்பாடு, காயாத படுதாவுக்கு எதிரே ஒரு பாய், தலைக்கு மடித்த பழைய நந்தவனத் திரை, பிறகு கண்ணை மூடிக்கொண்டு நீண்ட தத்துவ விசாரணை. சாப்பாட்டின் மேல் மட்டும் சந்தேகம் வந்ததில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் அது சந்தேகமற்ற நனவு. தண்ணீர் இறைக்கச் சொன்னால்? "நீ சொன்னியா? கனவுன்னுல்லா நெனச்சேன்" என்பார். மனைவி பார்வதியம்மாள் தானே வாளியை எடுத்துக்கொண்டு போவாள்.

மகள் பூமாரியைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. முன்பு வந்த இரண்டு இடமும் தகப்பனாரின் தத்துவத்தைக் கேட்டே எழுந்துபோயிருந்தன. இந்த இடத்துக்காரர், மாப்பிள்ளையின் தகப்பனார் ஆறுமுகச்சாமி, பருத்தி விற்க ஊருக்கு வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுப் போவோமே என்று வியாழக்கிழமை மத்தியானமே வந்து நின்றார். தலைப்பாகை, குடை, கன்னம் இரண்டையும் மூடிய மீசை. பார்வதியம்மாள் கொல்லையில் இருந்தாள். பாயில் கண் திறந்த சங்கரசுப்பு, ஈரப் படுதாவில் தாம் வரைந்திருந்த அசுரன் இறங்கி வந்துவிட்டான் என்று பூரித்துப்போனார்.

சந்தேகம் வந்தால் சாதாரண மனிதன் தன்னைக் கிள்ளிப் பார்ப்பான். கலைஞன் வலி பொறுக்கமாட்டான். சங்கரசுப்பு வந்தவரின் மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தமக்கு வலிக்கவில்லை. ஆகவே, கனவு.

"நல்லாத்தான் வந்திருக்கீரு வே. மீசைதான் ஒரு பக்கம் மெலிவு" என்று சொல்லி, கறுப்புச் சாயத்தைத் தொட்டு இடது கன்னத்தில் ஒரு கோடு இழுத்தார். "சரி, கலைஞ்சு போம்."

ஆறுமுகச்சாமி குடையை விரித்தார். வாசலைத் தாண்டினால் சம்பந்தம் முடிந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பார்வதியம்மாள் மீசையைப் பார்த்தாள், தூரிகையைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. ஒரு வாரமா இவுக கனவுல பாம்பு வருது. அம்மனுக்கு இன்னும் செலுத்தல. அதான் இப்படிப் பேசச் சொல்லுது."

குடை மடங்கியது. கனவில் பாம்பு கண்டால் தகட்டில் செய்த பாம்பு ஒன்று வாங்கிக் கோமதியம்மன் உண்டியலில் போடுவது அந்தச் சீமை முழுக்க வழக்கம். ஆறுமுகச்சாமி ஒருமுறை தாமதித்து உழவுக்காளையைப் பறிகொடுத்தவர்.

"படம் எடுத்துச்சா, சும்மா ஓடுச்சா?" என்று கரிசனமாகக் கேட்டார்.

சங்கரசுப்புவுக்கு இப்போது முழு விழிப்பு. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரிந்தது: எந்தப் பாம்பும் வரவில்லை. அதைச் சொன்னால் புத்தி தெளிவாக இருக்கும்போதே மீசையை இழுத்தவராகிவிடுவார். கதவுக்குப் பின்னால் பூமாரியின் வளையல் அசையாமல் நின்றது.

"படம் எடுத்துச்சு" என்றார்.

சாயந்திரம் பாம்பை வாங்கிக் கையில் கொடுத்தவரே ஆறுமுகச்சாமிதான். வராத பாம்பு உண்டியலில் விழுந்து நிஜமாகவே சத்தம் செய்தது. மறுநாள் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

இப்போதும் அவருக்குச் சந்தேகம் வருகிறது. "நீ சொன்னியா? கனவுன்னுல்லா" என்று ஆரம்பிப்பார். "பாம்பு வந்துச்சா?" என்பாள் பார்வதியம்மாள். வாளியை எடுத்துக்கொண்டு போவார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதைப் படிக்க உட்கார்ந்த பிறகு வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் உங்களைக் கூப்பிட்டதே, காதில் விழவில்லையா? இல்லை, கனவு என்று விட்டுவிட்டீர்களா? கோயில் வாசலில் தகட்டுப் பாம்பு எல்லா அளவிலும் கிடைக்கிறது.