இன்சோல் அண்ணாச்சியும் அறுநூற்று முப்பத்தாறு அட்டைகளும்

மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணாத ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் இன்சோல் அண்ணாச்சிதான். என் கணக்கு தப்பாது. ஓசூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த முப்பத்தொரு வருடத்தில் நான்கு ஜெனரல் மேனேஜர்களையும் பதினோரு சூப்பர்வைசர்களையும் இரண்டு கம்பெனி நாய்களையும் பார்த்திருக்கிறேன். நாய்கள் உட்பட எல்லோரும் முகத்தைத்தான் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும் பாதத்துக்கு அடியில் பார்த்தார்.

அவர் எங்கள் கம்பெனியின் ஸ்டோர்க்காரர். திருச்செந்தூர்ப் பக்கம். சம்பளச் சீட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை. ஸ்க்ரூ, கையுறை, துடைக்கிற பஞ்சு, சேஃப்டி ஷூ எல்லாம் அவர் கையிலிருந்துதான் வரும். வருடத்துக்கு ஒருமுறை பழைய ஷூவைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய ஷூ கைக்கு வந்ததும் அண்ணாச்சி அதற்குள் இரண்டு விரலை விட்டு இன்சோலை உருவுவார். இன்சோல் என்றால் ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் கிடக்குமே, மெத்தை மாதிரி, அது. அவர் அதை அட்டை என்பார். உருவிய அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, ஸ்டோரின் பின்சுவரில் அவரவர் டோக்கன் நம்பர் எழுதிய கொக்கியில் மாட்டிவிடுவார். ஆளுக்கு ஒரு கொக்கி. அடுத்த வருடத்து அட்டை வந்ததும் முந்தையதைத் தூக்கிப்போட்டுவிடுவார்.

கம்பெனியில் நாங்கள் முன்னூற்றுப் பதினெட்டு பேர். ஆக, சுவரில் அறுநூற்று முப்பத்தாறு அட்டைகள். இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்.

புது ஷூ கொடுக்கும்போது அவர் ஏழு விதிகளைச் சொல்லித்தான் கொடுப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அட்டையை உருவி வெளியே வை. தண்ணீரில் ஊறப்போடாதே, துடை. வெயிலில் காயவைத்தால் கருவாடு மாதிரி சுருண்டுபோகும், நிழலில் வை. இடது வலது மாற்றாதே. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு நாள் விட்டு நாள் போடு. ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வை. இந்த ஆறும் எவருக்கும் புரியும். ஏழாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். கட்டைவிரலால் குதிகால் இடத்தில் அழுத்திப் பார்; அமுங்கினது திரும்ப எழும்பவில்லை என்றால் அட்டை செத்துவிட்டது. செத்ததன்மேல் நடக்காதே.

தமிழ் தெரியாதவர்களுக்குக் கன்னடத்தில் சொல்வார். "பிசில்ல பேடா வே, நெரள்ல ஒணகிசு வே" என்று அவர் திருச்செந்தூர்க் கன்னடத்தில் சொல்லும்போது, அது வெயிலா நிழலா என்று பாகலூர்க்காரர்களே தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

அவருடைய சட்டைப்பையில், மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில், துணி மாட்டும் கிளிப் நான்கு இருக்கும். ஏன் என்று ஒரு மழைக்காலக் காலையில்தான் தெரிந்தது. நான் கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறவன். அவர் சூளகிரியில் ஏறுவார். அன்று ஏறியவர் உட்காரவில்லை. மூக்கை முன்னால் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக வந்து, மூன்றாவது வரிசையில் நின்றார். அங்கே உட்கார்ந்திருந்தவர் எங்கள் சங்கச் செயலாளர். நிர்வாகத்தை எதிர்த்துப் பதினேழு நாள் வேலைநிறுத்தம் நடத்தியவர்.

"கழத்தும்" என்றார் அண்ணாச்சி.

செயலாளர் சுற்றிலும் பார்த்தார். நாற்பத்திரண்டு இருக்கைகளிலும் ஆள் இருந்தது. ஒருவரும் அவருக்கு ஆதரவாக எழவில்லை. கழற்றினார். அண்ணாச்சி இரண்டு அட்டைகளையும் உருவி ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினார். பஸ் கம்பெனி வாசலுக்குள் நுழையும்போது அவை கொடி போலப் படபடத்தன. வாசலில் நின்ற செக்யூரிட்டி, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று சல்யூட் வைத்தார்.

இப்படிப்பட்டவரால் எனக்கு ஆபத்து வரும் என்று நான் நினைத்ததில்லை.

என் வேலை சோதனைப் பிரிவில். ஒவ்வொரு மெஷினாகப் போய்ச் செய்த பாகங்களை அளந்து பார்க்க வேண்டும். எட்டு மணி நேரமும் நிற்பதும் நடப்பதும்தான். கம்பெனி வாசலிலிருந்து என் மேசைக்கு என் நடையில் நானூற்றுப் பன்னிரண்டு அடி. வருடக்கணக்காக அவ்வளவுதான். ஐம்பத்தைந்தாவது வயதில் ஒருநாள் நானூற்று இருபது வந்தது. எண்ணிக்கையில் பிசகு என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் நானூற்று நாற்பத்தேழு. வாசலைத் தள்ளிக் கட்டிவிட்டார்களா என்று செக்யூரிட்டியிடம் விசாரித்தேன். இல்லை என்றார். அப்போதுதான் புரிந்தது. இடது குதிகால் வலிக்கிறது. வலிக்காமல் இருக்க நான் குட்டையாக அடி வைக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இரண்டு மாதம் இருந்தது. வேலை போனால் சாப்பாட்டுக்கு வழியில்லை என்பதல்ல. வீட்டில் உட்கார்ந்து எதை எண்ணுவது? ஜன்னல் கம்பி பதினாறு. எண்ணியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், இடத்தில் பெயர் எழுதியிருக்க வேண்டும், தேவையில்லாததை முதலில் ஒழிக்க வேண்டும். இதை நடத்த மனிதவளப் பிரிவுக்கு ஒரு புது அதிகாரி வந்திருந்தார். கழுத்தில் டை, கையில் சிவப்புச் சீட்டுக் கட்டு. தேவையில்லாத பொருள்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டினால் ஒரு வாரத்தில் அது குப்பைக்குப் போய்விட வேண்டும். முதல் நாளில் முப்பத்தெட்டு சீட்டு ஒட்டினார். அதில் ஒன்று என் ஸ்டூல்.

ஸ்டோருக்குப் போனவர் பின்சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். ஒட்டுவதற்குச் சீட்டை எடுத்தவர், ஒட்டாமல், இது என்ன என்று கேட்டாராம். அண்ணாச்சியிடம் அப்படி ஒரு கேள்வியைக் கம்பெனியில் மேலே இருக்கும் யாரும் அதுவரை கேட்டதில்லை. மனுஷர் பொங்கிவிட்டார். கொக்கி கொக்கியாக எடுத்துக் காட்டினாராம். இவருக்கு முட்டி தேயுது, வலது பக்கம் சாயுதாரு. இவரு நிக்கும்போது ஒத்தக் கால்லதான் நிப்பாரு. இவரு காலு இன்னும் ரெண்டு வருசம் தாங்கினாப் பெரிசு.

அதிகாரி டையைச் சரிசெய்துகொண்டு, சனிக்கிழமைக்குள் ஒரு பட்டியல் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், டோக்கன் நம்பரோடு, யார் யார் கால் எப்படி என்று.

அன்று மத்தியானம் கேன்டீனில் அண்ணாச்சி என் எதிரே உட்கார்ந்து, இருபது வருசத்துல இப்பத்தான் சார் நம்ம வேலைக்கு ஒரு மரியாதை வந்திருக்கு என்றார். அவர் தட்டில் இரண்டு அப்பளம் இருந்தது. சந்தோஷத்தில் ஒன்றை என் தட்டில் வைத்தார்.

எனக்கு அந்த அப்பளம் இறங்கவில்லை. ஏனென்றால் மனிதவளப் பிரிவில் அந்தப் பட்டியல் எதற்கு என்று எனக்குத் தெரியும். நின்று வேலை பார்க்க முடியாதவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு. கைகுலுக்கி, சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என்னுடைய வருடாந்திர ஷூ மாற்றும் நாளோ அந்த வெள்ளிக்கிழமை.

இந்த இடத்தில் நான் செய்ததை எழுத இப்போதும் கை கூசுகிறது. என் டோக்கன் 207. ஷிப்ட் முடிந்ததும் ஷூவை வாசலருகே நம்பர் எழுதிய தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஃபைவ் எஸ்ஸில் அந்த வாரம்தான் விதி வந்திருந்தது. அந்தத் தட்டில் எனக்கு அடுத்த இடம் 208. அது பாகலூரிலிருந்து வரும் ஒரு மெஷின் ஆபரேட்டருடையது. வயது முப்பது. கால் எருமைக்கால். இருவருக்கும் எட்டாம் நம்பர் ஷூ. வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து எல்லோரும் போனபிறகு, அவன் அட்டையை உருவி என் ஷூவிலும் என் அட்டையை உருவி அவன் ஷூவிலும் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல் பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஷூவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி இரண்டு விரலை விட்டார். உருவினார். ஒரு கண்ணை மூடினார். நெடுநேரம் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல்லிகளை எண்ணினேன். மூன்று.

"சார், நீங்க பஸ்லதான வாரீய?"

"ஆமாங்க அண்ணாச்சி."

"இந்தக் காலு பைக்ல வருது. வலது காலு முன்பக்கம் பாருங்க, உதைச்சு உதைச்சுக் குழியே விழுந்திருக்கு. ஸ்டார்ட் ஆகாத பழைய வண்டி." அட்டையை மூக்கருகே கொண்டுபோனார். "புதினா வாசம். தோட்டத்துக்குள்ள நடந்துட்டுக் கழத்தாம அப்படியே வாரான். புதினா விளையிற பாகலூருல்லா?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் நொண்டிக்கொண்டு 208 வந்து நின்றான். "அண்ணாச்சி, ஷூ ஏதாவது மாறிடுச்சா பாருங்க. காலையிலேர்ந்து என் கால் என் கால் மாதிரியே இல்ல. எங்க தாத்தா கால் மாதிரி இருக்குது."

அண்ணாச்சி அவன் ஷூவைக் கழற்றச் சொல்லி என் அட்டையை எடுத்தார். அவனுடையதை அவனுக்கே போட்டு, வண்டிக்குப் புது ப்ளக் மாத்து மக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவன் நான்கு அடி நடந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

பிறகு அண்ணாச்சி 207-ஆம் கொக்கியிலிருந்து போன வருடத்து அட்டையை எடுத்து இந்த வருடத்ததன் பக்கத்தில் வைத்தார். இடது குதிகால் இடத்தில் இப்போது காகிதம் போலத் தேய்ந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். எழும்பவில்லை.

"இத வச்சுக்கிட்டா நடந்திய? என்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சொன்னா நீங்க எழுதிடுவீங்களே."

"எத?"

"நாளைக்குக் கொடுக்கிற பட்டியல்ல. எழுதினவங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க அண்ணாச்சி. அதுக்குத்தான் கேட்டிருக்காங்க."

அண்ணாச்சி மேசைமேல் இருந்த நோட்டைப் பார்த்தார். முத்து முத்தாக எழுதியிருந்தார். அன்று காலை வரை பத்தொன்பது பேர். என் நம்பர் எழுத இருபதாவது வரி காலியாக இருந்தது. அவர் பழைய அட்டையைக் குப்பையில் போட்டு, இந்த வருடத்ததை 207-இல் மாட்டி, எனக்குப் புது ஷூவை எடுத்துக் கொடுத்தார். ஏழு விதிகளில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அதிகாரி ஸ்டோருக்குப் போனபோது நானும் ஒரு கையுறை வாங்குகிற சாக்கில் பின்னாலேயே போனேன். பின்சுவரில் முன்னூற்றுப் பதினெட்டு கொக்கிகளும் காலி. தரையில் ஒரு குவியல். எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெளியில் வெயிலில் காயவைத்திருந்தார். அத்தனையும் கருவாடு மாதிரி சுருண்டு கிடந்தன. இடது எது, வலது எது என்று கடவுளுக்கும் தெரியாது. தன் வாழ்நாளில் எவரையும் செய்ய விடாத மூன்று காரியங்களை அண்ணாச்சி ஒரே நாளில் தன் கையாலேயே செய்திருந்தார்.

"பட்டியல் எங்கே?" என்றார் அதிகாரி.

"ஃபைவ் எஸ் சார்" என்றார் அண்ணாச்சி. "தேவையில்லாதத ஒழிக்கணும்னு சொன்னீயளே. சுவரப் பாத்தேன், எல்லாம் தேவையில்லாததுதான். நோட்டும்."

குவியலின் உச்சியில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. முறைப்படி தேதியும் கையெழுத்தும் போட்டிருந்தார். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். தான் கொண்டுவந்த சட்டத்தைத் தானே குறை சொல்ல முடியாமல், நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

குப்பை வண்டியில் அள்ளிப்போடும்போது நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். அறுநூற்று முப்பத்துநான்கு. இரண்டு குறைந்தது. வண்டிக்காரரை நிறுத்தி மறுபடி எண்ணலாமா என்று பார்த்தேன்; அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார், புரிந்தவரை போதும் என்று விட்டுவிட்டேன். ஞாயிறும் திங்களும் அந்த இரண்டு என்னை அரித்துக்கொண்டே இருந்தன.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அண்ணாச்சி செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பிரித்தேன். உள்ளே என்னுடைய பழைய அட்டைகள் இரண்டு. அவற்றை அளவாக வைத்து வெட்டிய புதிய அட்டைகள் இரண்டு. இடதில், குதிகால் வலிக்கிற இடத்தில் மட்டும், ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் குழி தோண்டியிருந்தது. வலி தரையைத் தொடாமல் அந்தக் குழிக்குள் தொங்கிக்கொள்ளும் ஏற்பாடு. ஓரத்தில் பேனாவால் 'இ', 'வ' என்று எழுதியிருந்தார். கணக்கு நேரானது.

அன்று வாசலிலிருந்து மேசைக்கு நானூற்று முப்பத்தொன்று. ஒரு மாதத்தில் நானூற்றுப் பதினைந்து. அந்தக் கூடுதல் மூன்றடி மட்டும் கடைசிவரை குறையவேயில்லை. ஆனால் மூன்று வருடம் இரண்டு மாதமும் நான் நின்றே முடித்தேன். அண்ணாச்சி எனக்கு ஒரு வருடம் முன்னாலேயே ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். போகும்வரை அந்தக் காலிக் கொக்கிகளில் அவர் ஒரு அட்டையைக்கூட மாட்டவில்லை.

என் கடைசி நாளில் ஷூவைத் திருப்பிக் கொடுக்கும்போது அட்டைகளை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். புதிய ஸ்டோர்க்காரர் உள்ளே விரல் விடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

இப்போது வீட்டிலிருந்து பால் கடைக்கு இருநூற்று எண்பத்தாறு அடி. அதே அட்டைகள்தான். தினமும் உருவுகிறேன், துடைக்கிறேன், நிழலில் வைக்கிறேன், ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைக்கிறேன். இடது வலது மாறியதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் எழும்பிப் பல வருடம் ஆகிறது. அந்த ஏழாவது விதிக்கு மட்டும் எனக்கு மனசு வரவில்லை.