ரிப்பன் தடைச் சட்டம்

என் மனைவியின் தலையில் இருக்கும் சிவப்பு ரிப்பனை ஒரு வாரத்துக்குள் ஒழித்துக்கட்டுவது என்று திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். முடிவு செய்த வேகத்தில் பாதிப் பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். கணபதிப் பகுதியில் நான் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியில் வருஷா வருஷம் விளையாட்டு விழா நடக்கும். ஃபவுண்டரிப் பிரிவுக்கும் அசெம்ப்ளிப் பிரிவுக்கும் கயிறு இழுக்கும் போட்டி. இத்தனை வருஷமாக இழுக்கிறவன் இழுத்தான், பார்க்கிறவன் பார்த்தான், ஒரு வம்பும் இல்லை. தொண்ணூற்றாறில் சசிதர் என்று இருபத்தாறு வயதுப் பையன் வெல்ஃபேர் ஆபீசராக வந்து சேர்ந்தான். கேபிள் டிவியில் அமெரிக்காக்காரப் பெண்கள் குதித்துக் குதித்து ஆட்டக்காரர்களை உற்சாகப்படுத்துவதைப் பார்த்தானாம். உடனே கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் பெண்களைக் கூட்டி ஓர் உற்சாகக் குழு அமைத்துவிட்டான். கையில் காகிதக் குஞ்சம். தலையில் பட்டாம்பூச்சி மாதிரி விரித்துக் கட்டிய சாட்டின் ரிப்பன். தினமும் மாலை ஐந்து மணிக்குக் கம்பெனி கிரவுண்டில் பயிற்சி.

குழுத் தலைவி, என் மனைவி மயிலாத்தாள்.

குதிக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பயிற்சிக்கு எதற்கு ரிப்பன்? கேட்டேவிட்டேன்.

“ஏன் மயிலா, விழா அன்னிக்குக் கட்டினாப் பத்தாதா?”

“தெனமும் கட்டிக் குதிச்சாத்தானுங்க அன்னிக்கு அவுறாம நிக்கும்.”

“யாரு சொன்னது?”

“சசிதர் தம்பி.”

“என்ன சீலை கட்டறதுன்னும் அந்தத் தம்பியத்தான் கேக்கறயா?”

“கேட்டேனுங்க. காட்டன் வேண்டாங்க்கா, மொடமொடன்னு நிக்கும், சிந்தெடிக்கே கட்டுங்கன்னாரு.”

பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது? கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இவள் எனக்காகக் கண்ணாடி முன் நின்ற நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு காப்பி ஆறாது. என் தங்கை கல்யாணத்துக்கே மூன்று நிமிஷத்தில் கிளம்பியவள். இப்போது நாலரை மணிக்குக் கண்ணாடி முன் உட்கார்ந்தால் ஐந்து வரை எழுந்திருப்பதில்லை. போதாததற்கு அந்தப் பையனுக்கு டப்பாவில் கச்சாயம் சுட்டு எடுத்துப் போகிறாள். எனக்கு மத்தியானத்துப் பச்சைப்பயிறு.

“கச்சாயம் எனக்கில்லையா?”

“உங்களுக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுங்க. தம்பி ஓடற பையன்.”

நானும் ஓடினவன்தான். அதைப் பார்க்க அப்போது யாரும் ரிப்பன் கட்டிக்கொண்டு வரவில்லை.

சரி, நேராக மோதினால் இவளிடம் வேலைக்கு ஆகாது. சட்டப்படி போக வேண்டும். கம்பெனியின் பாதுகாப்புக் குழுவுக்கு நான் செயலாளர். ஒர்க்ஷாப்புக்கென்று ஒரு விதிப் புத்தகம் உண்டு; மெஷின் பெல்ட்டில் எதுவும் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதியது. அதில் நாலாம் விதி: ரிப்பன், துண்டு, மாலை முதலான தொங்கும் பொருட்களை அணியக் கூடாது. கிரவுண்டில் பெல்ட் ஓடவில்லை என்பது உண்மை. அதனால் என்ன? கிரவுண்டும் காம்பவுண்டுக்குள்தானே இருக்கிறது? ‘பயிற்சி நேரத்திலும் ஒர்க்ஷாப் விதிகள் அனைத்தும் கண்டிப்பாகப் பொருந்தும்’ என்று டைப் அடித்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, நோட்டீஸ் போர்டில் நானே நாலு பின் குத்தினேன். ஒரு பின் போதும். ஆத்திரத்துக்கு மூன்று.

மயிலாத்தாள் சண்டை போடுவாள் என்று ராத்திரி பூராவும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வீணாகப் போயிற்று.

“ரூல்னா ரூலுதானுங்க,” என்று ரிப்பனைச் சுருட்டி டிரங்குப் பெட்டியில் போட்டாள். “அந்தப் பொஸ்தகத்தைக் கொஞ்சம் குடுங்க. முழுசும் படிச்சுப்போட்டு எல்லாத்துக்கும் சொல்லிப்போடறேன்.”

ஜெயித்துவிட்டேன். அன்று மாலை நான் வேலை பார்க்கும் ஸ்டோர்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருபது தலை, ஒன்றில்கூட ரிப்பன் இல்லை. சசிதர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாடிப்போய் நின்றான். நான் இரண்டு டீ குடித்தேன்.

புதன்கிழமை காலை இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள். “ஏனுங்க, சனிக்கிழமை பதினோரு மணிக்குக் காந்திபுரத்துக்குக் கொண்டுபோயி உடறீங்களா?”

“எதுக்கு?”

“பியூட்டி பார்லருங்க. முடி வெட்டோணும்.”

“நுனியா?”

“தோளு வரைக்கும்.”

பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டேன். மயிலாத்தாளின் முடி முழங்காலைத் தொடும். பெண் பார்க்கப் போனபோது நான் முகத்தையே பார்க்கவில்லை. அவள் காப்பித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போனதும் சரி என்று சொன்னவன்.

“பைத்தியமா உனக்கு? எதுக்கு வெட்டோணும்?”

“அஞ்சாம் நெம்பரு ரூலுங்க. தோளுக்குக் கீழ முடி தொங்கக் கூடாதாமா. நீங்கதானுங்க எல்லா ரூலும் கண்டிப்பாப் பொருந்தும்னு எழுதியிருக்கறீங்க.”

நாலாம் விதியோடு நான் புத்தகத்தை மூடியிருந்தேன்.

“கொண்டை போட்டுக்க!”

“போட்டுப் பாத்தேனுங்க. மூணு குதிக்கு மேல தாங்கல. ரிப்பன் இருந்தா இறுக்கிச் சுத்தி நிறுத்திப்போடலாம். அதுதான் ஆகாதுன்னுட்டீங்களே. சசிதர் தம்பிகூடச் சொன்னாரு, எனக்குக் கிராப்பு நெம்ப எடுப்பா இருக்குமாமா. அவரு கண்ணளவுலயே சொல்லிப்போட்டாரு.”

கண்ணளவு! என் வீட்டு முடியை அளக்க அவன் கண் எதற்கு?

அதோடு போயிற்றா? மத்தியானம் ஃபவுண்டரி நரசிம்மலு ஸ்டோர்ஸுக்குள் புகுந்தார். பின்னால் ஏழெட்டுக் கணவன்மார்கள்.

“திருமலைசாமி, என்ற ஊட்டுலயும் சனிக்கிழமைக்குப் பேரு குடுத்துட்டா. வார தையில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறேன். கிராப்போட மணையில வந்து நின்னா சம்பந்தி என்னய்யா நெனைப்பான்?”

“நான் ரிப்பனத்தானுங்க வேண்டாம்னேன்...”

“கெரவுண்டுல எந்த மிசின்யா ஓடுது? ஒன்ற வாய்தான் ஓடுது!”

இரண்டு மணிக்கு மேனேஜரிடம் போய், கிரவுண்டு காம்பவுண்டுக்குள் இருந்தாலும் ஒர்க்ஷாப் ஆகாது என்று நானே வாதாடி, என் நோட்டீஸை நானே கிழித்தேன். அரை நாள் லீவு போட்டு, ஒப்பணக்கார வீதிக்கு பஸ் பிடித்து, நாலு கடை ஏறி இறங்கி, இருப்பதிலேயே நல்ல சாட்டின் ரிப்பனாகப் பார்த்து இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டு, நாலரைக்கு வீடு வந்து சேர்ந்தேன். மூச்சு வாங்கியது.

“மயிலா, வெட்டிப்போடாதே. இந்தா. தெனமும் கட்டிக்க. தூங்கும்போதும் கட்டிக்க.”

அவள் ரிப்பனை விரல்களுக்கிடையே நெருடிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்குத்தான் என்று நம்பி உருகிப்போனேன்.

“பின்னால கை எட்டறதில்லீங்க. இனி நீங்களே கட்டி உடுங்க,” என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அவள் முடியைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்று என்று கணக்கே வரவில்லை. சுற்றி, முடிந்து, இரண்டு பக்கமும் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி விரித்துவிட்டேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. அவள் கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னுங் கொஞ்சம் இறுக்குங்க. நட்டமா நின்னாத்தான் சசிதர் தம்பிக்குப் புடிக்கும்.”

இறுக்கினேன்.