மெழுகு சாரும் கேரம் பவுடரும்

அந்தமான் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், கரண்ட் போகாத நாளில் மூட்டை மூட்டையாக மெழுகுவர்த்தி வாங்கிய மனிதர் எங்கள் மெழுகு சார் ஒருவர்தான் கிடைப்பார். அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது. யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை.

டெலானிபூரில் எங்கள் மண் பரிசோதனை ஆபீஸ். ரோடு போடும் இடத்தில் மண்ணின் ஈரத்தை அளக்க ஒரு கருவி வைத்திருந்தோம். அதற்குள் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு நியூட்ரான் மூலம். உடம்புக்கு ஆகாத நியூட்ரான் கதிரை ஓய்வில்லாமல் துப்பிக்கொண்டே இருக்கும், நிறுத்த சுவிட்ச் கிடையாது. கருவியின் உறை உடைந்து போனதால், மெயின்லேண்டுக்குத் திருப்பி அனுப்ப அனுமதி வரும்வரை ஸ்டோரில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். அது மெழுகு சாரின் பொறுப்பு. ஸ்டோருக்கும் எங்கள் அறைக்கும் நடுவே பலகைச் சுவர். சுவரை ஒட்டிய நாற்காலி என்னுடையது. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

முதல் நாளே சார் என்னை மேஜையோடு வராந்தாவின் கோடிக்குக் கடத்திவிட்டார். "தூரந்தாம்மா மொத மருந்து," என்றார். சாரலில் என் ஃபைல்கள் கூழாகிக்கொண்டிருந்தன.

பெரிய இன்ஜினியருக்கு ஈயத்தின் மேல் அபார பக்தி. எக்ஸ்ரே அறையில் பார்த்திருக்கிறாராம். கப்பலில் ஈயக்கட்டிகளை வரவழைத்தார். தூக்கிய நாலு பேருக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அடுக்கி முடித்ததும் தேங்காய் உடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே உள்ளே உட்காருங்க. பயமா இருந்தா ஹட் பேயில ஒரு போஸ்ட் காலியா இருக்கு."

ஹட் பே வேறு தீவு. வீடும் கணவரும் பக்கத்தில் டெய்ரி ஃபார்ம் பகுதியில், பார்க்கும் டாக்டரும் இங்கேதான். தனியாகக் கப்பலேறிப் போய்ப் பிள்ளை பெற நான் தயாராக இல்லை.

சார் தன் நியூட்ரான் மீட்டரைக் கொண்டுவந்து என் பழைய நாற்காலியில் உட்கார வைத்தார். ஈயம் வருவதற்கு முன் ஊசி எங்கே நின்றதோ, ஏறக்குறைய அங்கேயே நின்றது.

"மீட்டர் கராப், கெட்டுப்போச்சு," என்றார் இன்ஜினியர்.

"மீட்டர் டீக்தான் சார். வாங்க, கேரம் ஆடுவோம்."

ஆபீஸ் கேரம் போர்டில் ஒரு காயைச் சட்டத்தில் மோத விட்டார். போன வேகத்திலேயே திரும்பி வந்தது. "கனமான ஆள் மேல மோதினா திசைதான் மாறும் சார். ஈயம் அப்படித்தான்." அடுத்து ஒரு காயை இன்னொரு காயின் மேல் நேராக மோத விட்டார். மோதிய காய் அங்கேயே படுத்துவிட்டது. "எடைக்கு எடை இருந்தாத்தான் நிக்கும். நியூட்ரானுக்குச் சரியான ஜோடி ஹைட்ரஜன். தண்ணியில நெறைய இருக்கு, மெழுகுல நெறைய இருக்கு."

"அப்ப தண்ணியே வெச்சிடலாமே?"

"இந்த ஆபீஸ்ல எது சார் ஒழுகாம இருக்கு?"

அன்று சாயங்காலம் பஜாரில் சார் மெழுகுவர்த்தியை மூட்டை கட்டுவதைப் பார்த்துக் கடைக்காரர் மிரண்டு போனார். "க்யா சாப், துஃபான் ஆ ரஹா ஹை?" புயல் வருகிறதா என்று கேட்டவரிடம், "உங்களுக்கு வேணும்னா ரெண்டு எடுத்து வெச்சுக்கங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். போதாதா? ஒரு மணி நேரத்தில் பஜாரில் மெழுகுவர்த்திக்கு வரிசை நின்றது. பட்டப்பெயரும் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

மறுநாள் கேரம் பவுடரைக் காணவில்லை. எங்கள் சாம்பியன், டிரைவர் தாஸ், "கோன் சோர் ஹை?" என்று திருடனைத் தேடிக் கிளம்பினார். சார் கொல்லைப்புறத்தில் உருகிய மெழுகில் அதைக் கொட்டிக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஓடுற நியூட்ரானை மெழுகு நடக்க வைக்கும் தாஸ். நடக்கிறதைப் புடிச்சு வைக்கப் போரான் வேணும். அது இந்தப் பவுடர்ல இருக்கு."

தாஸுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என்னை ஒரு முறை பார்த்தார். வீட்டிலிருந்த இரண்டு டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதன்பின் எங்கள் போர்டில் காய்கள் ஈர மணலில் நடப்பது போலத்தான் நகர்ந்தன.

மெழுகு தீப்பிடிக்கும் என்பதால் அதை இரும்புப் பெட்டிகளில் ஊற்றி மூடினார். ஸ்டோர் பக்கம் பீடிக்கும் ஊதுபத்திக்கும் தடை. மூலத்தைச் சுற்றி மெழுகுப் பெட்டிகள், நியூட்ரானைப் பிடிக்கும்போது கிளம்பும் காமா கதிருக்காக வெளியே ஈயம். இன்ஜினியரின் மானமும் பிழைத்தது.

மறுபடி என் நாற்காலியில் மீட்டர் உட்கார்ந்தது. ஊசி சரசரவென்று இறங்கியது. "தூரத்துல கேட்ல காட்டுற அளவும் இங்க காட்டுற அளவும் ஒண்ணுதாம்மா. உக்காரு," என்றார். உட்கார்ந்தேன். இத்தனை நாள் அடக்கிய அழுகை அப்போதுதான் வந்தது. ஹட் பேக்கு வேறு யாரோ போனார்கள்.

என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். மூலமும் கப்பலேறிவிட்டது. சார் ரிட்டயராகி மெயின்லேண்ட் போன பிறகு, அவர் அலமாரியை ஒழித்தபோது அளவு நோட்டு கிடைத்தது. விதிப்படி வாரம் ஒரு முறை ஸ்டோர் வாசலில் அளந்தால் போதும். அவர் தினமும் நான் வருவதற்கு முன்னால் என் நாற்காலியில் அளந்திருக்கிறார். நான் பிரசவ லீவில் இருந்த நாட்களில்கூட எழுதியிருந்தது: "நாற்காலி காலி. இருந்தாலும் அளந்தேன்."

போன மாதம் ஆபீஸில் எல்லோருக்கும் புது சுழல் நாற்காலி கொடுத்தார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.