‘தடைக்காலம்’ கென்யா போன கதை

வெளிநாடு சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டவர்களில் என் உயிரை அதிகம் வாங்கியவர் ‘தடைக்காலம்’தான். இந்த விஷயத்தில் அவரை மிஞ்ச இனிமேல் ஒருவர் பிறந்து வந்தால்தான் உண்டு.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நான் புதுச்சேரி மிஷன் வீதியில் ஒரு சின்ன டிராவல்ஸில் டிக்கெட் போடும் வேலையில் இருந்தேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பாரீசில் பிள்ளைகளை வைத்திருக்கும் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ‘முசியே’ பெரியவர்கள். அவர்களுடைய சென்ட் வாசனைக்கு நடுவே ஒரு ஏப்ரலில் வெள்ளை வேட்டியோடு வந்து உட்கார்ந்தார் ஒரு விசைப்படகு முதலாளி. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகு கரையில் நின்றுவிட்டது. மனிதருக்குப் பொழுது போகவில்லை.

“தம்பி, கென்யா போயி சிங்கம் பாக்க எவ்ளோ ஆவும்?”

சொன்னேன். தினமும் வந்தார், தினமும் சொன்னேன். தடை முடிந்த அன்று, போட்ட திட்டத்தை அப்படியே போட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் தடை வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பட்டப்பெயரை வைத்தது எங்கள் பியூன். அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை.

“ஏப்ரல், மே அங்க மழைக்காலம்ணே. ஆகஸ்ட்ல போனா கூட்டம் கூட்டமா மிருகம் பாக்கலாம்.”

“ஆகஸ்ட்ல நா கடல்ல இருப்பேன். நனையறது எனக்கு இன்னா புதுசா?”

பனி மலை, பாலைவனம், தேயிலைத் தோட்டம், பூநாரை ஏரி என்று எதைக் காட்டினாலும் தலையாட்டுவார். மொம்பாசா கடற்கரையைக் காட்டியதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“கடலக் காட்றதுக்கு எங்கிட்டயே காசு வாங்குவானா? அத அடிச்சிடு.”

நீர்யானை பார்க்கும் ஏரிப் படகுச் சவாரிக்கு மட்டும் சம்மதித்தார். அதுவும் படகின் இன்ஜின் என்ன, ஓட்டுகிறவனுக்கு எத்தனை வருட அனுபவம் என்று நைரோபிக்கு மெயில் அனுப்பிப் பதில் வாங்கிய பிறகு. பயணம் அமாவாசையை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. நிலா வெளிச்சத்தில் மீன் கலைந்துவிடுமாம், அதனால் சிங்கமும் கலைந்துவிடுமாம். நைரோபிக்காரர்கள் இதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “ஏண்ணே இந்த சிங்கப் பித்து? வண்டலூர்லயே இருக்குதே?”

அவர் சிரிக்கவில்லை. “கூண்டுல இருக்கிறது ஏற்கெனவே புடிச்சதுபா. நா கண்ணால பாத்ததை எல்லாம் புடிச்சிக்கிட்டே வந்துட்டேன். சுறா, திருக்கை, ஒண்ணையும் உட்டதில்ல. ஒரு தடவயாவது, ஒண்ண சும்மா பாத்துட்டு வந்துடணும். அதுபாட்டுக்கு அது போவணும், எம்பாட்டுக்கு நா வரணும்.”

அன்றைக்கு முதல் எனக்கு அவர்மேல் எரிச்சல் போய்விட்டது. எப்படியாவது இந்த மனிதரைச் சிங்கத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கே வெறி பிடித்தது.

மூன்றாவது வருடம் எல்லாம் கூடி வந்தது. அவருக்கும் மனைவிக்குமாக டிக்கெட் போடக் கையை வைத்தேன்.

“ரெண்டா? போட்ல ஆறு ஆளு இருக்காங்கபா. அவங்க?”

எனக்குப் புரியவில்லை. கடலிலிருந்து எது வந்தாலும் படகில் உள்ளவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு, படகுக்கும் வலைக்கும்கூட உண்டு என்று விளக்கினார். தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவது திருட்டுக்குச் சமம் என்றார். ஆறு பேரையும் கென்யா அழைத்துப்போவதென்றால் படகை விற்க வேண்டும். படகை விற்றால் ஆறு பேர் ஏது? ஆசையை அங்கேயே மடித்து வைத்துவிட்டு, “இத்தோட உட்டுடு தம்பி” என்று எழுந்து போய்விட்டார்.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் ஓடினேன். அக்கா வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே முழுக் கதையும் கேட்டார்.

“இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு திரியுது அந்த ஆளு? சிங்கத்தப் பங்கு போட முடியாது. போட்டோ எடுத்தாந்து பங்கு போடச் சொல்லு!”

மறுநாளே மனிதர் வந்துவிட்டார், கை நிறைய ஃபிலிம் ரோல்களோடு. புயலில் படகு ஓட்டிய அந்த மனிதர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மழையோடு மழையாக, அமாவாசையை ஒட்டி அவரும் அக்காவும் கிளம்பிப் போனார்கள்.

அங்கே நடந்ததை அக்கா பிறகு சொன்னார். ஒட்டகச்சிவிங்கி நின்றால் ஆள் தலைக்கு ஒரு படம், யானை நின்றால் தலைக்கு ஒரு படம். பங்கு குறையக் கூடாதாம். ஜீப்பில் கூட வந்த வெள்ளைக்காரர்கள் பல்லைக் கடித்தார்களாம். கடைசி நாள் புதரிலிருந்து சிங்கம் வந்து, ஜீப்பை ஒட்டியே நடந்து போனது. “அப்ப மட்டும் இந்த ஆளு கேமராவ மடிலயே வச்சிக்கினாரு. கண்ல தண்ணி. நாந்தான் புடுங்கி ஒண்ணே ஒண்ணு எடுத்தேன்” என்றார்.

தடை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு ‘தடைக்காலம்’ என்னைக் கடற்கரைக்கு வரச் சொன்னார். படகின் நிழலில் தார்ப்பாயை விரித்து, மீனைக் கூறு போடுவதுபோலப் படங்களைக் கூறு போட்டிருந்தார். ஆறு பேரும் சுற்றி நின்று, எனக்கு யானைக்கு வால் இல்லை, உனக்கு மட்டும் ரெண்டு வரிக்குதிரையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே சிங்கப் படம் யாருக்கு என்பதில் கைகலப்பே வந்திருக்கும். அது படகின் பங்கு என்று சொல்லி, ஸ்டியரிங் அறைக்குள் அவரே ஒட்டிவிட்டார்.

எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகும் ஒரு கூறு மிச்சமிருந்தது.

“இது யாருதுணே?”

“ஒன்னுதுதான். எடு.”

“நா எப்பணே ஒங்ககூட வலை இழுத்தேன்?”

“மூணு வருசமா நீதானப்பா இழுத்துக்கினு இருந்த!” என்றார், ஆறு பேரையும் பார்த்து. அவர்களும் ஆமாம் என்பதுபோல நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. நோணாங்குப்பம் படகுச் சவாரிக்கே வாந்தி எடுத்தவன் நான். அந்த மனிதர் என்னைத் தம் படகில் ஓர் ஆளாக வைத்திருந்தார் என்பதை நினைக்கும்போது, இப்போதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது.