சேவ் பண்ணித் தொலைத்த கல்வெட்டு

யாராவது என்னைக் 'கொம்பியூட்டர் அண்ணை' என்று கூப்பிட்டால் இப்போதும் காது சுடும். இத்தாலியின் பலெர்மோவில் எனக்கு அந்தப் பட்டம் சும்மா வந்தது. (முழுத் தகுதி: லிபெர்த்தா வீதியில் நான் பராமரித்த வயதான சிஞ்ஞோராவின் மகன் கழித்துவிட்ட லேப்டொப்.)

நண்பன் யோகனின் அம்மா யாழ்ப்பாணத்தில் காலமானபோது அவனுடைய வதிவிட அனுமதி, பெர்மெஸோ, புதுப்பிக்கப் போயிருந்தது. செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் உறவினருக்குக் கொடுக்கும் கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில், ஒரு பக்கம் எழுதுவதுதான் அவன் அம்மாவுக்குச் செய்யக்கூடிய ஒரே காரியம். அவன் என்னிடம் வந்த அன்றே மத்தியானத்துக்குள் ஊர் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அல்பெர்கேரியாப் பகுதியில் என் அறையில் அவன் அழுதழுது சொல்ல, நான் லேப்டொப்பில் அடித்தேன்.

ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக விழும் முறை. 'ண', 'ள' வர ஷிஃப்ட் வேண்டும். யோகன் விம்மி நின்ற இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த ஷிஃப்டையே தட்டிக்கொண்டிருந்தேன். இத்தாலிய மொழியில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. வாசிக்காமலே 'ஆம்' கொடுத்தேன். அதற்குப் பிறகு ஷிஃப்ட், கொன்ட்ரோல் எதைத் தொட்டு விரலை எடுத்தாலும், அடுத்த எழுத்துவரை அது அமுங்கியபடியே இருக்குமாம். மேதாவிக்கு அது தெரியாது.

கடைசி வரி 'அம்மா' என்று தொடங்கியது. சின்னவிரல் கொன்ட்ரோலில் பட்டிருக்கிறது. ஆங்கில 'ஏ'யைத் தட்டியதும் பக்கம் முழுவதும் தெரிவாகி, அடுத்த எழுத்தோடு முழுவதும் அழிந்தது. நான் நிமிர்ந்தபோது திரையில் 'ம்மா' மட்டும் இருந்தது.

அப்போதும் குடி முழுகிவிடவில்லை. கொன்ட்ரோலும் இசட்டும் தட்டியிருந்தால் எல்லாம் திரும்பியிருக்கும். நானோ, மிச்சமாவது தப்பட்டும் என்று சேவ் பண்ணினேன். பிறகு, மூடித் திறந்தால் சரிவரும் என்று மூடினேன்.

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

"அது ஒருக்காத்தான் வரும் அண்ணை," என்றான் யோகன். பிறகு, "நீங்கள்தானே அடிச்சனீங்கள். ஒரு வரியாவது ஞாபகம் இருக்கே?" என்று கேட்டான்.

எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

கல்வெட்டில் அவன் பக்கத்தில் படமும் 'அம்மா' என்ற ஒரு சொல்லும்தான் வந்தன. ஊரில் அதைப் பார்த்துத்தான் எல்லாரும் கூடுதலாக அழுதார்களாம்.

இப்போது எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் என் மனைவி, "முதல்ல சேவ் பண்ணுங்கோ," என்பாள். யோகனும் இருந்தால் சேர்ந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஒரு மகன் தன் தாயைப் பற்றிச் சொன்ன அவ்வளவையும் கேட்க அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். நான் விசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.