குடியை நிறுத்திய முறை கேட்ட மருமகளுக்கு

என் மகனின் மனைவிக்கு,

மாமியார் எழுதிக்கொள்வது. ‘அன்புள்ள’ என்று போடவில்லையே என்று பார்க்காதே. இந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் நாலு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி வராததில் அந்த வார்த்தைக்குக் கை மறுக்கிறது. நீயும் அவனும் பேத்தியும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை சொல்ல எதிரில் ஆள்தான் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நிறுத்தியவர் என் பெரியப்பா. அவர் செத்து முப்பத்தேழு வருஷம் ஆகிறது, இன்னும் நான் அவரோடு பேசுவதில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. போனில் பேசினால் அவன் காதில் விழும் என்று கடிதமாக எழுதினது நல்ல புத்தி. அவன் குடித்துவிட்டு வேலைக்குப் போனதும், மேஸ்திரி வாய் நாற்றத்தைக் கண்டுபிடித்து எட்டாவது மாடியிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பியதும் படித்துவிட்டு எழுந்து போய்ச் சாமி விளக்கை ஏற்றினேன். லிப்டு ஓடுகிற அந்தக் குழிக்குள் ஒற்றைப் பலகைமேல் நின்று கம்பி மாற்றுகிறவன் அவன். நிதானத்தில் இருக்கிறவனுக்கே கால் கூசுகிற இடம். இப்படி ஒரு தொழிலுக்கு அவனை அனுப்பாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன், நீதான் ‘அவருக்குப் பிடிச்சிருக்கு அத்தை’ என்றாய். சொன்ன இடம் சமையலறை வாசல், கையில் ஈரத்துணி. சரி, அது போகட்டும். ‘மாமா குடியை விட்டார் இல்லையா, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் அத்தை?’ என்று கேட்டிருக்கிறாய். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் நீ கேட்ட முதல் யோசனை இது. உப்பு அளவுகூடக் கேட்டதில்லை. ஆகவே ஒன்று விடாமல் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

முதலில் குடியால் என்ன நன்மை, என்ன தீமை என்று நியாயமாகப் பார்ப்போம். ஒருதலையாகப் பேசுகிறாள் என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் தினம் பேப்பரை எனக்கு வாசித்துக் காட்டுவார். முன்பு ஒருநாள், ‘பாட்டி, தினம் ஒரு சின்ன கிளாஸ் உள்ளே போனா நெஞ்சுக்கு நல்லதாம்’ என்றார். போன மாதம் அதே மனுஷர், அதே நாற்காலி, ‘அதெல்லாம் பழைய கதை பாட்டி, சொட்டுகூட நல்லதில்லையாம்’ என்கிறார். ‘அப்ப அன்னிக்கு வாசிச்சது?’ என்றேன். ‘அது அன்னிக்குப் பேப்பர்’ என்கிறார். இந்த இரண்டு பேப்பருக்கும் நடுவில் எத்தனை பேர் நெஞ்சைக் காப்பாற்றுகிறேன் என்று ஈரலைக் கெடுத்துக்கொண்டார்களோ.

உன் மாமனார் விஷயத்தில் நான் கண்ட நன்மையைச் சொல்கிறேன். நிதானத்தில் இருந்தால் அவருக்கு வாய் திறக்காது. ‘ஏய்’, ‘இந்தா’, ‘ம்’, இந்த மூன்றிலேயே குடும்பம் நடத்தினவர். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லச் சொல்லி மூன்று வருஷம் நச்சரித்தேன், போய்ப் போய் அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவார். ஒருநாள் சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நின்று, ‘யோவ், உன் குழாய் அழுவுது, என் பொண்டாட்டியும் அழுவுறா, யாரை முதல்ல சமாதானம் பண்ணப் போறே?’ என்று கேட்டார். மறுநாள் காலையில் புதுக் குழாய். அதைவிடப் பெரிய நன்மை, குடித்தால் என்னை ‘ராணி’ என்பார். எதிரில் உட்கார்ந்து தையல் கம்பெனிக் கதையெல்லாம் சொல்வார். முதலாளியின் சட்டைக்கு ஒரு கையை அரை அங்குலம் நீளமாக வெட்டிவிட்டதை, அந்த ஆள் வருஷம் முழுக்க ஒரு தோளைத் தூக்கிக்கொண்டே நடந்ததை, நடந்தே காட்டுவார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ‘நீ என்ன பண்ணே இன்னிக்கு?’ என்று கேட்பார். இந்தக் கேள்வியை என்னிடம் வேறு யாரும் கேட்டதில்லை. என்னைப் பெற்றவள் கேட்டதில்லை, நான் பெற்றவனும் கேட்டதில்லை.

தீமைக்கு வருகிறேன். முந்தின நாள் ஏற்றினது இறங்காமல் காலையில் கம்பெனிக்குப் போய், துணியை அடுக்கிப்போட்டு, இருநூறு சட்டைக்கு இடது கையாகவே வெட்டித் தள்ளினார். வலது கை ஒன்றுகூட இல்லை. அந்த வேலை அத்தோடு போயிற்று. துணி ஊறவைத்த தொட்டியில் விழுந்து, சோப்பு நுரையோடு எழுந்து என் அண்ணனைக் கட்டிப்பிடித்தார். அண்ணன் அதற்காக இரண்டு வருஷம் வீட்டுப் பக்கம் வரவில்லை, அதை நானும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ‘உள்ளே வீங்கிப்போச்சு, இப்படியே போனா பையன் மீசை முளைக்கிறதைப் பார்க்க மாட்டீங்க’ என்றார். இதெல்லாம் ஒரு தட்டில். இன்னொரு தட்டில் வைக்க ஒன்றே ஒன்று இருக்கிறது. உன் புருஷனுக்கு அப்போது ஏழு வயது. அப்பா குடிக்கப் போகக்கூடாது என்று அவர் செருப்பைத் தூக்கித் தன் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்துவைத்தான். அவர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு போனார். பிள்ளை பையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கூப்பிட்டபோது, ‘அம்மா, இன்னும் என்னத்தை ஒளிச்சு வைக்கணும்?’ என்று கேட்டான். அவனேதான் இன்றைக்குக் குடிக்கிறான் என்று நீ எழுதுகிறாய்.

இனி முறை. வெளியே குடிக்காதே, வாங்கி வந்து வீட்டிலேயே குடி என்று அவரை முதலில் வழிக்குக் கொண்டுவந்தேன். பாட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். பால் சர்க்கரை போடாமல் டீத்தூளைக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் நிறம் அச்சு அசலாக அதேதான். முதல் வாரம் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கொட்டிவிட்டு ஒரு கரண்டி டீ ஊற்றினேன். அடுத்த வாரம் இரண்டு. அவசரப்படவில்லை. எட்டு மாதத்தில் பாட்டில் முழுக்க டீ. அவர் புதுப் பாட்டில் வாங்கி வருவார், நான் அதைச் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டு டீயை நிரப்பி மூடுவேன். வேடிக்கை என்ன தெரியுமா? வெறும் டீயைக் குடித்துவிட்டு மனுஷர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்! பாடுகிறார்! ‘ராணி’ என்கிறார்! ‘நீ என்ன பண்ணே இன்னிக்கு?’ என்கிறார்! முகம் தெளிந்தது, வீக்கம் வடிந்தது, புது வேலையில் இரண்டு கையும் சரியாக வெட்டினார். இப்படி இரண்டு வருஷம். நான் வாழ்ந்தேன் என்று சொன்னால் அந்த இரண்டு வருஷம்தான்.

அதை நான் அப்படியே விட்டிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் நாத்தனார் வந்திருந்தாள், என் அண்ணனும் இருந்தான். இவர் தன் கிளாஸோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘எங்க வீட்ல இருந்த வரைக்கும் எங்கண்ணன் தொட்டதில்ல. இங்க வந்துதான் இப்படி ஆனான். பொம்பளை சரியா இருந்தா ஆம்பளை ஏன் குடிக்கிறான் அண்ணி?’ என்றாள். நீலப் புடவை, கையில் ஆறு வளையல், ஒன்று உடைந்திருந்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. பாட்டிலைக் கொண்டுவந்து ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றினேன். ‘குடிச்சுப் பாருங்க! எல்லாரும் குடிச்சுப் பாருங்க! ரெண்டு வருஷமா உங்கண்ணன் குடிக்கிறது என் கையால போட்ட டீ!’ என்றேன். நாத்தனார் நாக்கில் வைத்துப் பார்த்துக் கிளாஸைக் கீழே வைத்தாள். அண்ணன்தான் சிரிக்க ஆரம்பித்தான். ‘டீக்கா மாப்பிள்ளை இவ்வளவு ஆட்டம்! பாலும் ஊத்தியிருந்தா தெருவுல விழுந்து புரண்டிருப்பீரு!’ எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் புருஷனும் அங்கேதான் இருந்தான், அவனும் சிரித்தான்.

இவரும் லேசாகச் சிரித்தார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அத்தோடு குடி நின்றது. டீயும் நின்றது. பேச்சும் நின்றது. பதினொரு வருஷம், அவர் கண்மூடுகிற வரைக்கும், ‘ஏய்’, ‘இந்தா’, ‘ம்’. நீ கல்யாணமாகி வந்த புதிதில், ‘மாமா எவ்வளவு அமைதியானவர்!’ என்று உன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. உன்மேல் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான். ஏன் என்று இதுவரை நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. ஊரெல்லாம் என்னைக் குடியை நிறுத்தினவள் என்று கொண்டாடியது. எத்தனை பெண்கள் வந்து முறை கேட்டுப் போனார்கள்! எல்லாருக்கும் கரண்டிக் கணக்குச் சொன்னேன். மீதியை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

எழுதும்போதே ஒன்று ஞாபகம் வந்து பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள் அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, ‘ராணி, இன்னிக்குக் கசக்குது. அடுத்த தடவை இவ்வளவு நேரம் கொதிக்க விடாதே’ என்றார். போதையில் உளறுகிறார் என்று நினைத்து நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். எந்தப் போதை? யார் கொதிக்கவைத்ததை யார் சொன்னது? கிழமை, புடவை, வளையல் என்று எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறேனே, இதை மட்டும் இருபத்துமூன்று வருஷம் கையிலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்திருந்தது. கிளாஸ் இல்லாமல் என்னிடம் பேசக் கூச்சம். அதனால் டீ என்று தெரிந்தே குடித்து, தெரிந்தே தள்ளாடி, என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அதைத்தான் நான் நாலு பேர் முன்னால் ஊற்றிக் காட்டினேன்.

ஆகவே நன்மை என்று நான் மேலே எழுதியதை அடித்துவிடு. குடியால் ஒரு நன்மையும் இல்லை. எனக்கு நன்மை செய்தது அவர், பெயரை அது தட்டிக்கொண்டு போனது. நீ இந்த டீ வேலையெல்லாம் செய்யாதே. அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அதிகம் குடிக்கிறவன் திடீரென்று தானாக நிறுத்தினால் கை கால் உதறி வலிப்புகூட வருமாம், மருந்துக்கடைக்காரர் சொன்னார். டாக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் அந்தக் குழிக்குள் இறங்க விடாதே. என்னை வரச் சொல்லாதே. நீ சொல்லவும் இல்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். எனக்கு இங்கே தலைக்குமேல் வேலை. காலையில் பேப்பர் கேட்க வேண்டும். பதினொரு மணிக்குத் தபால்காரர் வருகிறாரா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் மறுபடி மூன்று மணிக்கு ஒருதரம் பார்க்க வேண்டும்.

பேத்திக்கு என் முத்தம். அவனுக்கு என் ஆசி, உனக்கும் கொஞ்சம். உங்கள் மூவருடைய தலைமாட்டிலும் நல்லது நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமியார்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால், எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இதையும் உன் கடிதத்தையும் மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் உன் காகிதத்தைத் திருப்பி, ‘பின்பக்கம் படிச்சீங்களா பாட்டி?’ என்றார். பின்பக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் பின்பக்கம் எழுதினால் வாத்தியார் அடிப்பார். அவரே வாசித்துக் காட்டினார். டாக்டரைப் பார்த்தாகிவிட்டது, மருந்து சாப்பிடுகிறான், குடியை விட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது, ஆனால் வாயே திறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், மாமா அப்படி உட்கார்ந்திருந்தபோது அவரைப் பேச வைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய்.

ஒன்றும் செய்யவில்லை அம்மா. அவர்தான் முதலில் பேச வேண்டும் என்று பதினொரு வருஷம் நானும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே உள்ள எட்டுப் பக்கமும் நீ கேட்காத கேள்விக்குப் பதில், கிழித்துப் போட்டுவிடு. இல்லை, நீ கிழிக்க வேண்டாம், நான் தபாலில் சேர்க்கவே போவதில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் பஸ். அவன் எதிரில் ஒரு நாற்காலி போட்டு வை. அவன் பேச வேண்டாம். நானே ஆரம்பிக்கிறேன்.